ஈஜிபுராவில் இடிக்கப்பட்டது யாருடைய புகலிடம்?

2013 ஜனவரி 18 அன்று, பெங்களூருவின் கோரமங்கலாவை ஒட்டிய ஈஜிபுராவில், பொருளாதாரத்தில் நலிவுற்ற பிரிவினருக்காக ஒதுக்கப்பட்டிருந்த குடியிருப்பு நிலத்தில் மாநகராட்சியின் புல்டோசர்கள் இறங்கின. பெரும் காவல் படை சூழ்ந்து நிற்க, அடுத்த சில நாட்களில் அங்கிருந்த தகரக் கொட்டகைகள் தரைமட்டமாக்கப்பட்டன. சுமார் 1,500 குடும்பங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 5,000 பேர் தெருவில் நின்றனர். அவர்களில் பலர் தமிழ் பேசும் தலித் உழைப்பாளிகள். பக்கத்திலேயே, 1997ஆம் ஆண்டின் தேசிய விளையாட்டுப் போட்டிக்காக எழுப்பப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்புகள் எந்த ஆபத்துமின்றி நின்றன. ஏழைகளுக்குக் கட்டிக் கொடுத்த வீடுகளோ தரமற்ற கட்டுமானத்தால் இடிந்து விழுந்து, அவர்கள் தகரக் கொட்டகைகளுக்குள் தள்ளப்பட்டு ஆண்டுகள் பல கடந்திருந்தன. 15 ஏக்கருக்கும் அதிகமான அந்த மாநகராட்சி நிலத்தின் ஒரு பகுதியில் தனியார் வணிக வளாகம், எஞ்சியதில் ஏழைகளுக்கு வீடு என்பதுதான் அரசு–தனியார் கூட்டுத் திட்டம். அப்போது மாநிலத்தை ஆண்டது பாஜக. விரட்டப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் அதே நிலத்தின் வேலியை ஒட்டிய நடைபாதையில் மாதக்கணக்கில் வாழ்ந்தனர்.

இந்த வெளியேற்றம் அன்று நகர்ப்புற வீட்டுப் பிரச்சினையாகவே பேசப்பட்டது. அது சரியானதுதான், ஆனால் முழுமையானதல்ல. ஒரு மாநகரத்தின் உழைப்பாளர் குடியிருப்பு அந்த நகரத்துக்கு மட்டும் சொந்தமானதன்று. நூறு, இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் மழை பொய்த்த கிராமத்தில் இருப்பவருக்கும் அதுவே கடைசிப் புகலிடம். காலநிலை மாற்றம் வேளாண்மையைச் சூறையாடிக்கொண்டிருக்கும் இக்காலத்தில், ஈஜிபுராவின் கதையைக் கிராமத்தின் பக்கமிருந்தும் வாசிக்க வேண்டியுள்ளது.

வானம் மட்டுமே முடிவு செய்வதில்லை

காலநிலைப் புலம்பெயர்வு குறித்த சர்வதேச அறிக்கைகள் பெரும் எண்களை முன்வைக்கின்றன. 2050ஆம் ஆண்டுக்குள் உலகெங்கும் 21.6 கோடிப் பேர் வரை தத்தம் நாடுகளுக்குள்ளேயே இடம்பெயர நேரிடலாம் என்றும், அவர்களில் சுமார் நான்கு கோடிப் பேர் தெற்காசியர்களாக இருப்பர் என்றும் உலக வங்கி 2021இல் கணித்தது. வெள்ளம் வந்தால் மக்கள் ஓடுவார்கள், வறட்சி வந்தால் கிளம்புவார்கள் என்ற எளிய கணக்கை இத்தகைய எண்கள் மனதில் பதிக்கின்றன. உண்மை நிலை அவ்வளவு எளிதானதல்ல. 2011இல் பிரிட்டன் அரசுக்காகத் தயாரிக்கப்பட்ட ஓர் ஆய்வறிக்கை, மிகவும் வறியவர்களால் நகரவே முடிவதில்லை என்பதைச் சுட்டிக்காட்டியது. பேரிடர் அவர்களது சேமிப்பையும் கால்நடையையும் அழித்து, வெளியேறும் வலிமையையும் சேர்த்தே பறித்துவிடுகிறது. ஆபத்து அதிகமாக உள்ள இடத்திலேயே அவர்கள் சிக்கிக்கொள்கின்றனர்.

தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களின் மானாவாரிக் கிராமம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மழை பொய்த்தால் முதலில் மறைவது வேலை நாட்கள். பிறகு மளிகைக் கடைக் கடன் ஏறுகிறது, ஆடு விற்கப்படுகிறது, மாடு விற்கப்படுகிறது, நகை அடகுக்குப் போகிறது. அதன் பின்னரே வெளியூர் என்ற பேச்சு எழுகிறது. ஆனால் வெளியூர் செல்வதற்கும் முதல் வேண்டும். பேருந்துக் கட்டணம், வாடகைக்கு முன்பணம், முதல் கூலி கைக்கு வரும்வரை சாப்பாடு என எல்லாவற்றுக்கும் பணம் தேவை. அந்தப் பணத்தை எந்த வங்கியும் தருவதில்லை. பெங்களூருவில் ஒற்றை அறையில் வசிக்கும் அத்தை மகனோ, ஒரே தெருவில் வளர்ந்த பங்காளியோதான் அந்த இடத்தை நிரப்புகின்றனர். அறையின் ஒரு மூலையில் படுக்க இடம் தருகின்றனர். மேஸ்திரியிடம் கொண்டுபோய் நிறுத்துகின்றனர். முதல் வாரத்துக்கு அரிசி கடன் கொடுக்கின்றனர். வறட்சி மனிதரைத் தள்ளுகிறது. அவர் எங்கே போய்ச் சேர்வார், சேர்வாரா என்பதை உறவு தீர்மானிக்கிறது.

2016ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவிகிதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம் என்றது அரசு. பயிர் நிவாரணம் நில ஆவணத்தைப் பார்த்துத் தரப்படுவது. ஏக்கர் இல்லாத கூலித் தொழிலாளிக்கும், பத்திரமில்லாக் குத்தகை விவசாயிக்கும் அந்தக் கணக்கில் இடமில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் எச்சம் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட வெள்ளம் தென்பெண்ணைக் கரை கிராமங்களை மூழ்கடித்தது. திருவண்ணாமலையில் மண் சரிந்து ஏழு பேர் மாண்டனர். எட்டாண்டு இடைவெளியில் அதே நிலப்பகுதி வரலாறு காணாத வறட்சியையும் வரலாறு காணாத மழையையும் சந்தித்தது. இரண்டிலும் முதலில் அழிவது கூலி நாட்கள்தான்.

கங்காணி முதல் மேஸ்திரி வரை

உறவின் துணையோடு பஞ்சத்திலிருந்து தப்புவது தமிழ் உழைப்பாளிகளுக்குப் புதிதல்ல. அந்த உறவை மூலதனம் தனக்குச் சாதகமாக வளைத்துக்கொள்வதும் புதிதல்ல. 1876–78 தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தில் பல லட்சம் உயிர்களைப் பறித்தது. மைசூர் சமஸ்தானத்தில் மட்டும் ஏறத்தாழ பத்து லட்சம் பேர், அதாவது மக்கள்தொகையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கினர் மாண்டனர். அப்போது பெருந்திரளாக மக்கள் இலங்கைத் தோட்டங்களுக்குப் புறப்பட்டனர். அவர்களை அழைத்துச் சென்ற கங்காணி பெரும்பாலும் அதே ஊர்க்காரர். பல வேளைகளில் சொந்தக்காரரும்கூட. அவர் தந்த முன்பணமே தொழிலாளியின் காலில் விலங்கானது. கடனைத் துண்டுச் சீட்டில் எழுதி, அதைத் தீர்க்கும் தோட்டத்துக்கே தொழிலாளர்களைக் கைமாற்றிய துண்டு முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. வெள்ளைத் துரைக்குத் தெரியாத ஊர்ப் பெயரும் குலப் பெயரும் கங்காணிக்குத் தெரியும். கட்டுப்பாட்டுக்கு அது போதுமானதாக இருந்தது.

1880களில் தொடங்கிய கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு வட ஆற்காட்டிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் தலித் உழைப்பாளிகள் இதே போன்ற உறவு வழிகளில் சென்று சேர்ந்தனர். ஆனால் அங்கே வேறொரு மாற்றமும் நிகழ்ந்தது. ஒரே சுரங்கத்தின் ஆழத்தில் உயிரைப் பணயம் வைத்தவர்கள் செங்கொடியின் கீழ் சங்கமாகினர். 1946இல் துப்பாக்கிச் சூட்டையும் எதிர்கொண்டனர். ஊர் உறவு வர்க்க உறவாக வளர்ந்ததற்கு அதைவிடச் சிறந்த சான்று அரிது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபின், அந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகள் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்குக் கூலி வேலைக்குச் செல்கின்றனர்.

இன்றைய கட்டுமானத் துறையின் துணை ஒப்பந்தச் சங்கிலியில் கங்காணியின் இடத்தில் மேஸ்திரி நிற்கிறார். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் முன்பணம் கொடுத்துக் குடும்பத்தோடு அழைத்துச் செல்லும் தரகரும் அதே வார்ப்புதான். வேலை தேடித் தரும் செலவு, தங்குமிடச் செலவு, நோயுற்றால் பார்த்துக்கொள்ளும் செலவு ஆகிய அனைத்தையும் உறவினர்கள் சுமக்கின்றனர். மலிவான உழைப்பைக் கட்டட முதலாளி பெறுகிறார். முதுமையில் தொழிலாளியைக் காப்பது கிராமத்தின் பொறுப்பாகிறது. உறவு தரும் ஆதரவைப் போற்றுவோர், அந்த ஆதரவால் ஆதாயமடைவது யார் என்ற கேள்வியையும் கேட்க வேண்டும்.

உறவுக்குச் சாதியும் உண்டு. நிலமும் படிப்பும் உள்ள குடும்பத்தின் உறவினர் வலை பெங்களூருவின் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு வழிகாட்டுகிறது. நிலமற்ற தலித் குடும்பத்தின் வலை சித்தாள் வேலைக்கும் துப்புரவுப் பணிக்கும் வீட்டு வேலைக்கும் வழிகாட்டுகிறது. நகரத்தில் எவருமே இல்லாதவர்களின் நிலை இன்னும் மோசம். விதவைப் பெண்கள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் ஊரிலேயே கடனோடு முடங்குகின்றனர். அல்லது தரகரின் முன்பணத்தில் விழுகின்றனர். வீட்டு ஆண்கள் சென்றபின் வயலையும் பிள்ளைகளையும் வட்டிக்காரரையும் ஒருசேரச் சமாளிப்பது பெண்களே. எவருமே சுதந்திரமாகத் ‘தேர்வு’ செய்வதில்லை. கிடைக்கும் ஒரே வழியில்தான் ஒவ்வொருவரும் நடக்கின்றனர்.

இடிப்பது வீட்டை மட்டுமா?

இந்தப் பின்னணியில் ஈஜிபுராவை மீண்டும் பார்க்க வேண்டும். அரசின் பட்டியலில் இருந்தவை 1,512 ஒதுக்கீடுகள். வாடகைக்கும் குத்தகைக்கும் குடியிருந்தவர்கள் அதில் இல்லை. நகரின் தென்கிழக்கு விளிம்பில், சர்ஜாபூர் சாலைக்கு அப்பால் உள்ள சூலிகுண்டே அவர்களுக்கான மாற்று இடமாகக் காட்டப்பட்டது. உழைப்பாளர் குடியிருப்பில் யார் வாடகைதாரர்? கடைசியாக வந்தவர், அண்மை வறட்சியில் கிளம்பியவர், உறவினரைத் தேடி வந்தவர். மறுவாழ்வுப் பட்டியலிலிருந்து அவர்களை நீக்குவது, பேரிடரால் பாதிக்கப்பட்டவர்களை இரண்டாம் முறை தண்டிப்பதாகும்.

ஒரு குடியிருப்பில் இருப்பவை சுவரும் கூரையும் மட்டுமல்ல. காலையில் வேலைக்குப் போகும் தாய் குழந்தையை விட்டுச் செல்லும் பக்கத்து வீடு அங்கே இருக்கிறது. நம்பிக்கையின் பேரில் நடக்கும் சீட்டும் கடன் கொடுக்கும் பெட்டிக்கடையும் இருக்கின்றன. வீட்டு வேலைக்கு நடந்தே போகக்கூடிய தூரத்தில் கோரமங்கலா இருக்கிறது. ஊரிலிருந்து வருபவர் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய ஒரு முகவரி இருக்கிறது. அந்த முகவரி அழிந்தால், அதே ஆண்டில் மழை பொய்க்கும் கிராமத்துக்குப் போக்கிடம் இல்லை. அரசு நடத்தத் தவறிய நிவாரண முகாமைத் தங்கள் சொந்தச் செலவில் நடத்திவந்தவர்கள் ஈஜிபுராவின் ஏழைகள். புல்டோசர் இடித்தது அந்த முகாமைத்தான்.

தாது வருடப் பஞ்சத்தின்போது காலனிய அரசு ‘தூரச் சோதனை’ என்றொரு விதியை வைத்திருந்தது. சொந்த ஊரிலிருந்து பத்து மைலுக்கு அப்பால் உள்ள முகாமுக்குச் சென்றால்தான் நிவாரண வேலை. உறவையும் ஊரையும் துறக்குமளவுக்குப் பசித்தவர்களுக்கே சோறு என்பது அதன் பொருள். ஏழைகளை நகரின் விளிம்புக்கு எறியும் இன்றைய மறுகுடியமர்வுத் திட்டங்களில் அதே மனப்போக்கு தொடர்கிறது. சென்னையிலும் இதுவே நடந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் அடையாறு, கூவம் கரைகளின் உழைப்பாளர் குடும்பங்கள் ‘ஆக்கிரமிப்பாளர்கள்’ எனப்பட்டு, பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. ஏரிகளையும் சதுப்பு நிலத்தையும் விழுங்கிய பெருங்கட்டடங்கள் அப்படியே நின்றன. வெள்ளத்தைக் காரணம் காட்டி ஏழையை அகற்றுவது காலநிலைத் தகவமைப்பு ஆகாது. வீட்டுப் பிரச்சினையை முதலாளித்துவம் தீர்ப்பதில்லை, வேறிடத்துக்கு நகர்த்துகிறது என்று எங்கெல்ஸ் 1872இலேயே விளக்கியிருந்தார்.

நகரமும் தட்பவெப்பத்துக்கு அப்பாற்பட்டதல்ல. 2024 கோடையில், பெங்களூருவின் 13,900 பொது ஆழ்குழாய்க் கிணறுகளில் 6,900 வற்றிவிட்டதாக மாநில அரசே கூறியது. 2022 செப்டம்பர் மழையில் பெல்லந்தூர் சுற்றுவட்டாரம் மூழ்கியது. நீர் இல்லாவிட்டால் டேங்கர் விலைக்கு ஈடுகொடுக்க இயலாதவர் தவிக்கிறார். மழை பெய்தால் பள்ளத்துக் குடிசைக்காரர் தவிக்கிறார். கிராமத்தில் வானத்திடம் தோற்றவர் நகரத்திலும் அதே வானத்தின் கீழ் நிற்கிறார்.

காவிரியின் பெயரால்

மழை குறைந்த ஆண்டுகளுக்கு மற்றொரு கொடிய முகமும் உண்டு. அணைகள் நிரம்பாத ஆண்டில் காவிரிச் சிக்கல் வெடிக்கிறது. நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வெளியானதையடுத்து 1991 டிசம்பரில் பெங்களூருவில் தமிழர்களுக்கு எதிராக வெறியாட்டம் நடந்தது. குடிசைகள் எரிந்தன, உயிர்கள் பலியாயின, ஆயிரக்கணக்கானோர் தமிழ்நாட்டுக்குத் தப்பியோடினர். 2016 செப்டம்பர் 12 அன்றும் நகரம் எரிந்தது. எந்த வறட்சி தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளியைப் பெங்களூருக்கு அனுப்புகிறதோ, அதே வறட்சி அங்கே அவரை அந்நியராக்கி நிறுத்துகிறது. இதனால் பயனடைவோர் இரு மாநிலங்களிலும் உள்ள இனவெறி அரசியல்வாதிகள்.

பெங்களூருவின் கட்டட வேலைத்தளங்களில் தமிழ்த் தொழிலாளியின் பக்கத்தில் நிற்பவர் ராய்ச்சூர், யாதகிரி, கலபுரகி மாவட்டங்களின் கன்னட உழைப்பாளி. அவரையும் வறட்சியே விரட்டியது. 2023இல் கர்நாடகத்தின் 236 வட்டங்களில் 223 வட்டங்கள் வறட்சி பாதித்தவை என அறிவிக்கப்பட்டன. மாநில அரசு கேட்ட நிவாரணம் 18,171 கோடி ரூபாய். உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டிய பின் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்தது சுமார் 3,454 கோடி. கன்னட உழைப்பாளியையும் தமிழ் உழைப்பாளியையும் ஒரே அரசுதான் வஞ்சிக்கிறது. நதியும் இதே பாடத்தைச் சொல்கிறது. கோரமங்கலாப் பள்ளத்தாக்கின் சாக்கடை பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியே தென்பெண்ணையில் கலந்து, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்குகிறது. நகரம் கிராமத்தின் உழைப்பை உறிஞ்சிவிட்டுக் கழிவைத் திருப்பி அனுப்புகிறது.

பறிக்கப்படும் உரிமைகள்

புலம்பெயர்வு உரிமையாக அமைய வேண்டுமெனில், புலம்பெயராமல் இருக்கும் உரிமையும் உடன் இருக்க வேண்டும். 2005இல் இடதுசாரிகளின் வலுவான தலையீட்டோடு நிறைவேறிய ஊரக வேலை உறுதிச் சட்டம் அதற்கான ஓர் அடித்தளத்தைத் தந்தது. வறட்சி அறிவிக்கப்பட்ட பகுதிகளில் நூறு நாட்களுக்கு மேல் கூடுதலாக 50 நாட்கள் வேலை தர அதில் இடமிருந்தது. கடனில் மூழ்குமுன் ஊரிலேயே கூலி கிடைத்தால், யார் போவது, எப்போது போவது என்பதைக் குடும்பம் நிதானமாக முடிவு செய்யலாம். அந்தச் சட்டத்தை மோடி அரசு முதலில் நிதியை முடக்கிச் சிதைத்தது. 2025 மார்ச் மாதத்தில் தமிழ்நாட்டுக்கு மட்டும் 4,034 கோடி ரூபாய் நிலுவை இருந்தது. 2025 டிசம்பரில் அச்சட்டத்தையே நீக்கிவிட்டுப் புதிய சட்டம் கொண்டுவரப்பட்டது. 125 நாட்கள் என்பது அதன் விளம்பரம். மாநிலங்கள் 40 சதவிகிதச் செலவை ஏற்க வேண்டும். ஒதுக்கீட்டின் உச்சத்தை ஒன்றிய அரசே நிர்ணயிக்கும். வேளாண் பருவத்தில் 60 நாட்கள் வரை வேலையை நிறுத்தி வைக்கலாம் என்பவை அதன் உள்ளடக்கம். கேட்டால் வேலை என்ற உரிமை, கொடுத்தால் வேலை என்ற தயவாகிவிட்டது.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டத்தை விழுங்கிவிட்டன. ஐந்து பேரை வேலைக்கு வைத்தாலே பொருந்திய பாதுகாப்பு இப்போது பத்துப் பேர் இருந்தால்தான் பொருந்தும். சிறு மேஸ்திரிகளிடம் வேலை செய்வோர் வெளியே தள்ளப்படுகின்றனர். பேரிடர் நிதியிலும் இதே ஓட்டைகள்தான். 15ஆவது நிதி ஆணையம் நில அரிப்பால் வீடிழந்தோரின் மறுகுடியமர்வுக்கென 1,000 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. வறட்சியால் ஊரிழப்போருக்கென அத்தகைய ஏற்பாடு இல்லை.

ஊர் திரும்பும் உரிமையும் பாதுகாப்பாக இல்லை. 2020 மே 5 அன்று கட்டுமான நிறுவனங்களின் பிரதிநிதிகளைச் சந்தித்தபின், பொதுமுடக்கத்தில் சிக்கிய தொழிலாளர்களுக்கான சிறப்பு ரயில்களைக் கர்நாடக பாஜக அரசு ரத்து செய்ததை நாடு மறக்கவில்லை. எதிர்ப்பு எழுந்தபிறகே அது பின்வாங்கியது. வரும்போது உறவினரின் பொறுப்பு, இருக்கும்போது மேஸ்திரியின் பொறுப்பு, போக நினைத்தால் முதலாளியின் சொத்து என்பதே புலம்பெயர் தொழிலாளி குறித்து ஆளும் வர்க்கத்தின் பார்வை.

உறவிலிருந்து ஒற்றுமைக்கு

இந்நிலையில் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. நகரங்களில் உழைப்பாளர் குடியிருப்புகளை அகற்றுவதை நிறுத்த வேண்டும். தவிர்க்க இயலாத இடங்களில், அதே பகுதியில் மாற்று வீடு வழங்க வேண்டும். அந்தக் கணக்கெடுப்பில் வாடகைதாரர்களையும் சேர்க்க வேண்டும். பொது நிலத்தை வணிக வளாகங்களுக்குத் தாரை வார்க்கக் கூடாது. வறட்சி, வெள்ள நிவாரணத்தில் நிலமற்ற தொழிலாளர்களுக்கும் குத்தகை விவசாயிகளுக்கும் இழந்த கூலி நாட்களுக்கான ஈட்டுத்தொகை வேண்டும். வேலை உறுதிச் சட்டம் உரிமை அடிப்படையில் மீட்கப்பட வேண்டும். கடும் வெப்பத்தாலும் மழையாலும் வேலை நிற்கும் நாட்களுக்குக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய நிதியிலிருந்து கூலி தரப்பட வேண்டும். குடும்ப அட்டை ஊரில் இருந்தாலும் தொழிலாளி வேலை செய்யும் நகரத்தில் அவரது பங்கு ரேஷன் தடையின்றிக் கிடைக்க வேண்டும்.

கோரிக்கைகளை எழுப்பினால் மட்டும் போதாது. அமைப்பு முறையிலும் மாற்றம் தேவை. கிராமத்தில் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இருந்த தோழர் பெங்களூருவில் இறங்கியதும் அமைப்பற்றவராகிவிடுகிறார். அவரது உறவினரின் முகவரி மேஸ்திரியிடம் இருக்கிறது, சங்கத்திடம் இருப்பதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டக் கிளைகள் தத்தம் ஊர்களிலிருந்து யார், எங்கே, எந்த வேலைக்குச் சென்றுள்ளனர் என்ற பதிவேட்டைப் பராமரிக்கலாம். அதைப் பெங்களூருவின் கட்டுமான, துப்புரவு, வீட்டு வேலைத் தொழிலாளர் சங்கங்களுடன் பகிர்ந்துகொள்ளலாம். கூலி பாக்கி, விபத்து, வெளியேற்ற அறிவிப்பு எது வந்தாலும் தொழிலாளி முதலில் அழைக்கும் எண் சங்கத்தின் எண்ணாக இருக்க வேண்டும். அந்தச் சங்கக் கூட்டத்தில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் இந்தியும் ஒலிக்க வேண்டும்.

அடுத்த வறட்சியும் அடுத்த பெருமழையும் வரத்தான் போகின்றன. அப்போதும் சித்தப்பா மகனின் கைப்பேசி ஒலிக்கும். அவரும் தம்மால் இயன்றதைச் செய்வார். ஆனால் பத்துக்குப் பத்து அறையில் வாழும் ஏழை உறவினரின் தோளில் ஒரு நாட்டின் காலநிலைக் கொள்கையைச் சுமத்த முடியாது. அந்தச் சுமையை அரசின் பொறுப்பாக மாற்றும் போராட்டத்தைக் கிராமமும் நகரமும் இணைந்து நடத்தியாக வேண்டும். ஊரையும் சாதியையும் மொழியையும் கடந்து அவற்றை இணைக்கும் வலிமை உழைக்கும் வர்க்கத்தின் அமைப்புகளுக்கு உண்டு என்பதைக் கோலார் சுரங்கத் தொழிலாளர்கள் முன்பே நிரூபித்திருக்கின்றனர்.